பெண்கள் எடை தூக்கட்டும்

நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் மூட்டுவலி என்று மருத்துவரிடம் போனாலும், சுகர் என்று போனாலும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போனாலும் பெரும்பாலும் ஒரே அறிவுரையோடுதான் வீடு திரும்புகிறாள்: “வெயிட்டைக் குறைங்கம்மா.” எப்படிக் குறைப்பது, எந்த நேரத்தில் குறைப்பது, குறைக்கும்போது எதைச் சாப்பிடுவது என்றெல்லாம் பேச அங்கே நேரம் இருப்பதில்லை. வெளியே டோக்கனோடு ஒரு கூட்டமே காத்திருக்கிறது. அவள் வீட்டுக்கு வந்ததும் இரவுச் சாப்பாட்டை நிறுத்துகிறாள். இரண்டு வாரம் மொட்டைமாடியில் நடக்கிறாள். பிறகு மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைக்குப் பரீட்சை, உறவில் ஒரு கல்யாணம். நடை நின்றுபோகிறது. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது எடைக் கருவியில் ஏறவே கூசுகிறாள்.

அவளுக்கு மன உறுதி போதவில்லை என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். அவளும் அப்படியே நம்புகிறாள். அவளிடம் குறையொன்றும் இல்லை, அவளுக்குக் கொடுக்கப்பட்ட இலக்குதான் தவறு என்பது என் கருத்து. எடை குறைவது அவள் கையில் முழுதாக இல்லை. தைராய்டு, தூக்கம், மாத்திரைகள், மாதவிடாய்ச் சுழற்சி என்று பலவும் அதில் தலையிடுகின்றன. ஒழுங்காக நடந்த வாரத்திலும் முள் ஏறியே நிற்கலாம். ஆனால், கையூன்றாமல் தரையிலிருந்து எழுவது, இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தானே தூக்கிக் கவிழ்ப்பது, நிற்காமல் இரண்டு கிலோமீட்டர் ஓடுவது, ஒரே ஒரு முழுத் தண்டால் எடுப்பது போன்றவை அவள் செய்யக்கூடியவை. இன்று முடியாதது மூன்று மாதத்தில் முடிகிறது என்பதை அவளே கண்ணால் பார்க்கலாம். அப்படி ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டு எட்டிவிட்ட பெண்ணிடம் உண்டாகும் மாற்றம் உடம்போடு நிற்பதில்லை. பெண்களுக்கு நடைப்பயிற்சியோடு பலம் சேர்க்கும் பயிற்சியும் வேண்டும், அதற்கான நேரத்தை வீடும் இடத்தை ஊரும் கொடுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதத்தினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் என்கிறது. முந்தைய சுற்றில் இது 30.9 சதவீதம். இந்த எண் மட்டும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அதே ஆய்வு அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாகவும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நிலைமை புரியும். தட்டில் சோறு இருக்கிறது. பருப்பும் முட்டையும் கீரையும் கடைசியாகச் சாப்பிட உட்காரும் பெண்ணுக்கு மிச்சம் இருப்பதில்லை. எடை கூடிய உடம்பிலேயே ரத்தம் வற்றியிருக்கிறது. இப்படிப்பட்ட உடம்பைப் பட்டினி போட்டு மெலியவைத்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். மெலிந்தவள் முன்பைவிடப் பலவீனமாகத்தான் இருப்பாள்.

தசையைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே கிடையாது. அது பயில்வான்களின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட்டோம். முப்பதுகளிலேயே உடம்பு மெல்லத் தசையை இழக்கத் தொடங்குகிறது, அறுபதுக்கு மேல் அந்த இழப்பு வேகமெடுக்கிறது. உணவுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான் என்பதால், தசை குறையக் குறைய அந்தச் சர்க்கரை போவதற்கு இடமும் குறைகிறது. பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு சரிகிறது. அதோடு எலும்பின் அடர்த்தியும் சில ஆண்டுகளுக்கு வேகமாகக் குறைகிறது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அதன் பிறகு படுக்கையை விட்டு எழாமலே போய்விட்ட ஒரு பாட்டியோ அத்தையோ இல்லாத குடும்பங்கள் நம்மிடையே குறைவு. ‘வயசானா அப்படித்தான்’ என்று அதை ஏற்றுக்கொள்ளப் பழகிவிட்டோம்.

அப்படித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வை ஒவ்வொரு எலும்பு மருத்துவரின் அறையிலும் எழுதி ஒட்டலாம். மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்துபோன 101 பெண்கள் அதில் கலந்துகொண்டார்கள். அவர்களின் சராசரி வயது 65. ஒரு பகுதியினருக்கு வீட்டில் செய்யும் இலகுவான பயிற்சி தரப்பட்டது. மற்றவர்கள் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு அரைமணி நேரம், பயிற்சியாளரின் நேரடிக் கண்காணிப்பில் கனமான எடையைத் தூக்கினார்கள். தரையிலிருந்து பார்பெல்லை எடுத்து நிமிர்ந்தார்கள், தோளில் அதைத் தாங்கி உட்கார்ந்து எழுந்தார்கள், தலைக்கு மேலே உயர்த்தினார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, இலகுவான பயிற்சி செய்தவர்களின் கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி 1.2 சதவீதம் குறைந்திருந்தது. எடை தூக்கியவர்களுக்கு 2.9 சதவீதம் கூடியிருந்தது. எடை தூக்கியவர்களில் ஒருவருக்குச் சிறிய முதுகுப் பிடிப்பு வந்ததைத் தவிர வேறு பாதிப்பு இல்லை. எலும்பு தேய்ந்த பெண்களிடம் ‘கனத்தைத் தூக்காதீங்க’ என்று மட்டுமே சொல்லிவந்த மருத்துவ வழக்கத்தை இந்த முடிவு அசைத்துப் பார்த்தது. கண்காணிப்பு என்ற சொல் இதில் முக்கியம். வீட்டில் தனியாக ஆட்டுக்கல்லைத் தூக்கிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது.

இதற்கும் முன்னால், 1990இல், அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் மருத்துவமனையில் வாழ்ந்த 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேரைக் கால் தசைகளுக்கான எடைப் பயிற்சியில் சேர்த்தார் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர். எட்டே வாரத்தில் அவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. தொண்ணூறு வயதுத் தசைகூடப் பாடம் கேட்கத் தயாராக இருக்கிறது என்றால், நாற்பத்தைந்து வயதில் ‘இனிமே என்ன’ என்று பெருமூச்சு விடுவதில் நியாயமில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. அதோடு, வாரம் இரண்டு நாளாவது எல்லா முக்கியத் தசைகளுக்கும் பலப் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் பாதி நம் ஊரில் நன்றாகப் பரவியிருக்கிறது. தமிழக அரசு 2023இல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளம் காட்டியது நல்ல முயற்சி. இரண்டாவது பாதி யார் காதிலும் விழவில்லை.

‘பொம்பளைக்கு எதுக்கு இது?’

பலப் பயிற்சி பற்றிய பேச்சு காதில் விழாததற்குக் காரணம் பயம். எடை தூக்கினால் உடம்பு ஆண்பிள்ளை மாதிரி முறுக்கேறிவிடும் என்ற பயம் இளம்பெண்களுக்கு. கர்ப்பப்பை இறங்கிவிடும் என்ற பயம் அவர்களின் அம்மாக்களுக்கு. முதலாவதற்கு விடை எளிது: ஆண்களின் ரத்தத்தில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவோடு ஒப்பிட்டால் பெண்களுக்கு இருப்பது மிகச் சிறு பங்கு. வாரம் இரண்டு நாள் டம்பெல் பிடிப்பதால் யாருக்கும் பயில்வான் உடம்பு வந்துவிடாது.

இரண்டாவது பயம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1966இல் பாஸ்டன் மாரத்தானில் ஓட விண்ணப்பித்த பாபி கிப் என்ற பெண்ணுக்கு, பெண்களின் உடம்பு அவ்வளவு தூரம் ஓடத் தகுதியற்றது என்று பதில் வந்தது. அவர் தொடக்கக் கோட்டருகே புதரில் மறைந்து காத்திருந்து, ஆண்களின் கூட்டத்தில் கலந்து முழுத் தூரத்தையும் ஓடி முடித்தார். அடுத்த ஆண்டு கேத்ரின் ஸ்விட்சர் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் கொடுத்து 261 என்ற எண்ணைப் பெற்று ஓடினார். நடுவழியில் போட்டி அதிகாரி பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிய்த்தெடுக்க முயன்ற புகைப்படம் உலகமெங்கும் போனது. ஓடினால் கர்ப்பப்பை விழுந்துவிடும், மார்பில் முடி முளைக்கும் என்றெல்லாம் தன்னிடம் சொன்னதாக ஸ்விட்சர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1972இல்தான் பாஸ்டன் பெண்களை முறைப்படி அனுமதித்தது. 2017இல், எழுபது வயதில், அதே 261ஐ அணிந்து ஸ்விட்சர் அதே சாலையில் மறுபடியும் ஓடினார்.

ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் 1984இல்தான் சேர்ந்தது. பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டமும் அந்த ஆண்டே முதல்முறையாக நடந்தது, அதில்தான் பி.டி. உஷா நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டார். பெண்கள் பளுதூக்குதல் வர 2000ஆம் ஆண்டு ஆயிற்று. சிட்னியில் நடந்த அந்த முதல் போட்டியிலேயே கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். பெண்ணால் முடியாது என்று மூடி வைத்திருந்த ஒவ்வொரு கதவும் திறந்தபோது, உள்ளே வரப் பெண்கள் தயாராக நின்றிருந்தார்கள்.

மணிப்பூரின் மீராபாய் சானுவின் கதையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இலக்கு என்றால் என்ன என்பதை அவரைவிடத் தெளிவாகக் காட்டியவர்கள் குறைவு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் கிளீன் அண்ட் ஜெர்க் பிரிவில் மூன்று முயற்சிகளும் தோற்று, மொத்தக் கணக்கே இல்லாமல் வெளியேறினார். பளுதூக்குதலில் அதைவிடக் கசப்பான முடிவு கிடையாது. அடுத்த ஆண்டே உலகச் சாம்பியன் ஆனார். தூக்கிய மொத்த எடை 194 கிலோ. 2018இல் முதுகுக் காயத்தால் ஆசிய விளையாட்டுக்குப் போக முடியவில்லை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளி. 2024 பாரிஸில் 199 கிலோ. ஒரே ஒரு கிலோவில் வெண்கலம் போனது. அன்று தனக்கு மாதவிடாயின் மூன்றாம் நாள், உடம்பு சோர்வாக இருந்தது என்று தயக்கமின்றிப் பேசினார். உலக மேடையில் நின்று அவர் அதைச் சொன்னது, விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரணம் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் நம் பள்ளிப் பெண்களுக்கு ஒரு பதக்கத்தைவிடப் பெரிய உதவி. 2025இல் மறுபடியும் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். பளுதூக்குதலில் ஒரு முயற்சி வெற்றி பெற்றால் அடுத்ததில் ஒரு கிலோவாவது கூட்ட வேண்டும் என்பது விதி. இந்த விளையாட்டின் வளர்ச்சி முழுவதுமே அந்த ஒரு கிலோவில் இருக்கிறது.

பதக்க மேடைக்கு வெளியேயும் இந்த வழி செல்லும். விருதுநகர் மாவட்டத்தில் பிறந்து, ஜப்பானிய மொழி ஆசிரியராக வேலை பார்த்த, குழந்தைகளின் தாயான முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். தமிழ்நாட்டுப் பெண்களில் அவரே முதலாமவர். சிறுவயதிலிருந்து விளையாட்டுப் பள்ளியில் வளர்ந்தவர் அல்ல, குடும்பமும் வேலையும் இருந்த நிலையில் மலையைத் தேர்ந்தெடுத்தவர்.

எண்ணை யார் வைப்பது?

இலக்கு வைப்பதைப் பற்றி உளவியலாளர்கள் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் இரண்டு முடிவுகள் நம் வீட்டுப் பெண்களுக்கு நேரடியாகப் பயன்படும். இங்கிலாந்தில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். உடற்பயிற்சியின் நன்மைகளை விளக்கி ஊக்கமூட்டிய குழுவில் வாரத்துக்கு ஒரு முறையாவது பயிற்சி செய்தவர்கள் 35 சதவீதம். எதுவும் சொல்லாத குழுவில் 38. ஊக்கமூட்டும் பேச்சால் ஒரு பயனும் இல்லை. மூன்றாவது குழுவினரிடம், அடுத்த வாரம் எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பயிற்சி செய்வீர்கள் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அவர்களில் 91 சதவீதத்தினர் செய்து முடித்தார்கள். ஆகவே, ‘இனிமே ஒழுங்கா எக்சர்சைஸ் பண்ணணும்’ என்ற புத்தாண்டு முடிவால் பயன் குறைவு. ‘செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணி, பின்கட்டு, உட்கார்ந்து எழுதல் பத்து’ என்று காலண்டரில் எழுதினால் நடக்கும்.

இரண்டாவது, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டது. ஒரு செயல் பழக்கமாக ஊறுவதற்கு 21 நாள் போதும் என்று பலரும் சொல்வதை இது ஒப்பவில்லை. சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவும் இல்லை. வீட்டில் விருந்தாளி வந்து இரண்டு நாள் விட்டுப்போனதும் ‘எனக்கு இது சரிப்படாது’ என்று கைகழுவும் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. மூன்றாம் நாள் தொடரலாம். குடி முழுகிவிடாது.

எண்ணை யார் வைத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று கைக்கடிகாரங்கள் நச்சரிக்கின்றன. அந்தப் பத்தாயிரம், 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. மருத்துவ ஆராய்ச்சியிலிருந்து அல்ல. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் 2019இல் சராசரியாக 72 வயதான 16,741 பெண்களின் நடையை அளந்து பார்த்தார்கள். நாளுக்கு சுமார் 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால் 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. பத்தாயிரத்தை எட்ட முடியாத குற்ற உணர்வோடு நடையையே விட்டுவிட்ட அம்மாக்களுக்கு, பாதித் தூரமே பெரிய காரியம் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன் இவ்வளவு கிலோ, பிரசவத்துக்குப் பின் இத்தனை மாதத்தில் இவ்வளவு கிலோ என்று ஜிம் விளம்பரங்கள் வைக்கும் எண்களும் இதே ரகம்தான். இன்னொருவர் கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பதே அவற்றின் கணக்கு. கல்யாண மண்டபத்தில் ‘என்னடி இப்படி ஊதிட்ட’ என்று கேட்கும் உறவுக்காரரின் வாய்க்குப் பயந்து தொடங்கிய பயிற்சி, அந்தக் கல்யாணம் முடிந்ததும் நின்றுவிடுகிறது. தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்று 1977இல் எழுதிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, அதன் வலுவான ஊற்று சொந்தமாகச் செய்து முடித்த அனுபவம் என்றார். அடுத்தது, தன்னைப் போன்ற ஒருவர் அதைச் செய்வதைப் பார்ப்பது. பாராட்டும் அறிவுரையும் அதற்குப் பிறகுதான். போன மாதம் ஐந்து கிலோ டம்பெல்லோடு தடுமாறியவள் இந்த மாதம் எட்டு கிலோவைச் சாதாரணமாகத் தூக்கும்போது, ‘நீ தைரியசாலி’ என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கைதான் பிறகு வங்கியில் தனியாகக் கடன் விண்ணப்பம் எழுதுகிறது, ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்கிறது, பாதியில் விட்ட படிப்புக்கு விண்ணப்பம் வாங்குகிறது. பயிற்சிக்கூடங்களில் பெண்களோடு பேசிப் பார்த்தால், எடை எவ்வளவு குறைந்தது என்பதைவிட இந்த மாதிரி விஷயங்களைத்தான் அவர்கள் ஆர்வமாகச் சொல்கிறார்கள்.

உழைக்கும் பெண்களுக்கு இது எதற்கு?

‘வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே’ என்பார்கள். அம்மி, ஆட்டுக்கல், உரல், கிணற்றுத் தண்ணீர் எல்லாம் போனதால்தான் இந்த நோய்கள் வந்தன என்று ஏங்குவோரும் உண்டு. இந்த ஏக்கத்தில் எனக்குச் சம்மதமில்லை. உரலில் குத்திய கைகளுக்கு ஓய்வு இல்லை, கூலி இல்லை, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இல்லை. கட்டட வேலைக்குப் போகும் சித்தாள், ஜிம்முக்குப் போகும் எவரையும்விட அதிகமாகத் தலையில் சுமக்கிறாள். நாற்று நடும் பெண் நாள் முழுவதும் குனிந்தே நிற்கிறாள். அவர்களிடம் போய் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்வது அநியாயம்.

பயிற்சி வேறு, உழைப்பு வேறு. பயிற்சியில் சுமை சிறிது சிறிதாகக் கூடுகிறது. நடுவே ஓய்வு நாள் இருக்கிறது. உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளப் புரதமும் தூக்கமும் கிடைக்கின்றன. முதுகு வலித்தால் நிறுத்திக்கொள்ளலாம். உழைப்பில் இவை எதுவும் இல்லை. சித்தாளுக்கு வேண்டியது சத்தான சாப்பாடு, ஓய்வு, நியாயமான கூலி. அதோடு, முதுகை வளைக்காமல் இடுப்பையும் முழங்காலையும் மடக்கிச் சுமையை எடுக்கும் முறையை ஒருவர் கற்றுக்கொடுத்தால் அவளுடைய முதுகு இன்னும் இருபது ஆண்டு தாங்கும். டெட்லிஃப்ட் என்று ஜிம்மில் காசு கொடுத்துக் கற்பது இதைத்தான். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வழியாக இதைச் சொல்லித்தரப் பெரிய செலவு ஆகாது.

மற்ற பெண்களுக்குப் பெரிய தடை நேரம். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். வித்தியாசம் 201 நிமிடம். ஒரு வாரம் முழுவதற்கும் உலகச் சுகாதார நிறுவனம் கேட்கும் குறைந்தபட்ச உடற்பயிற்சி 150 நிமிடம். ஆண் தன் பங்கு வேலையை எடுத்துக்கொண்டால் இரண்டே நாளில் விடுபடும் நேரம், ஒரு பெண்ணின் ஒரு வாரப் பயிற்சிக்குப் போதும். இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்குப் போதிய உடலியக்கம் இல்லை, ஆண்களில் அது 42 சதவீதம் என்று 2022ஆம் ஆண்டுக்கான கணிப்பை ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழ் வெளியிட்டபோது, பெண்களுக்கு விழிப்புணர்வு வேண்டும் என்று பேசினார்கள். விழிப்புணர்வு வேண்டியது காலை ஆறு மணிக்குக் காபிக்காகக் காத்திருப்பவர்களுக்கு. வாரத்தில் இரண்டு நாள் இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றுவதும் பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டுவதும் கணவருக்கோ மகனுக்கோ முடியாத வேலைகள் அல்ல.

அடுத்த தடை இடம். பூங்காவில் நடைமேடை இருக்கிறது. உடற்பயிற்சிக் கருவிகளும் சில ஊர்களில் இருக்கின்றன. விளக்கு எரிவதில்லை, கழிப்பறை பூட்டியிருக்கிறது, கருவியைச் சுற்றி வேலையில்லாத இளைஞர் கூட்டம். சுடிதார்மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் அங்கே எப்படி உட்கார்ந்து எழுவாள்? தனியார் ஜிம்களில் பெண்களுக்கென்று பெரும்பாலும் ஒதுக்கும் நேரம் காலை பத்து முதல் மாலை நான்கு வரை. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது பயன்படாது. பள்ளியிலோ கணக்கு ஆசிரியர் கடன் வாங்கும் முதல் வகுப்பு பி.டி. பீரியட்தான். பெண்பிள்ளைகள் அந்த வயதில் பழகாத உடம்பைத்தான் நாற்பது வயதில் மருத்துவரிடம் கொண்டு போகிறார்கள்.

இதற்கு ஒரு வழி நம் கையிலேயே இருக்கிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. பத்து, பன்னிரண்டு, இருபது பெண்கள் முறையாகக் கூடுகிறார்கள். சேமிப்பையும் கடனையும் நோட்டில் எழுதுகிறார்கள். ஒருத்தி வராவிட்டால் ஏன் வரவில்லை என்று வீட்டுக்கே போய்க் கேட்கிறார்கள். இலக்கு, கணக்கு, கூட்டாளிகள் என்று உடற்பயிற்சிக்கு வேண்டிய மூன்றும் அங்கே தயாராக உள்ளன. கூட்டம் தொடங்குமுன் அரைமணி நேரம், பயிற்சி பெற்ற ஒரு பெண் வழிநடத்த, உட்கார்ந்து எழுதலும் சுவர்த் தண்டாலும் மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டிலைத் தூக்குவதும் நடக்கட்டும். சிலம்பம் தெரிந்த ஆசான்கள் இருக்கும் ஊர்களில் கம்பு சுழற்றட்டும். தோளுக்கும் இடுப்புக்கும் அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. அதே நோட்டில் இன்னொரு பக்கத்தில் ஒவ்வொருத்தியின் எண்ணும் ஏறட்டும். தன் வயதுடைய, தன் தெருவில் இருக்கும் ஒருத்தி செய்வதைப் பார்க்கும்போதுதான் அடுத்தவளுக்குத் துணிவு வரும்.

தொடங்குவோர் முதலில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அதைச் சரிசெய்வதே முதல் இலக்கு. மூச்சு வாங்குவதைச் சோம்பல் என்று எண்ணித் தன்னையே திட்டிக்கொள்ளும் பல பெண்களுக்கு உண்மையில் இருப்பது ரத்தசோகை. இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், கருப்பை இறக்கம், எலும்புத் தேய்வு இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். சாப்பாட்டில் தினமும் ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி சுண்டலோ வேர்க்கடலையோ கூடுதலாக வேண்டும். அதையும் கடைசிப் பந்தியில் அல்ல, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

பள்ளி மைதானங்களைக் காலை ஐந்தரை முதல் ஏழு மணி வரை பெண்களுக்குத் திறந்துவிட உள்ளாட்சி அமைப்புகளால் முடியும். அங்கே விளக்கும் கழிப்பறையும் ஒரு பெண் பயிற்சியாளரும் வேண்டும். இதைக் கிராம சபைக் கூட்டத்தில் கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். அது வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த வாரத்தில் இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுத்து, நேரத்தையும் இடத்தையும் செய்யப்போகும் எண்ணிக்கையையும் காலண்டரில் எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள்.